கெர்னர்: இசார்கோ பள்ளத்தாக்கின் வெள்ளை வைனோடு சில ஆண்டுகள்

இத்தாலியின் வடகோடியில், பிரென்னர் கணவாயிலிருந்து இறங்கி வரும் இசார்கோ ஆற்றின் இருபுறச் சரிவுகளிலும் விளையும் கெர்னர் என்ற வெள்ளை வைனைப் பல அறுவடை ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கி வருகிறேன். சில புட்டிகளை வாங்கிய கையோடு திறந்திருக்கிறேன். சிலவற்றை இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறேன். நறுமண வெள்ளை வைன்களைப் புதிதாகவே குடித்து முடித்துவிட வேண்டும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. கெர்னரைப் பொறுத்தவரை அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை.

இந்த வைனைத் தரும் கெர்னர் திராட்சை இரகம் இத்தாலியில் பிறந்ததன்று. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் 1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஹெரால்ட் என்ற இனவிருத்தியாளர் ட்ரோலிங்கர் என்னும் சிவப்புத் திராட்சையையும் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையையும் கலந்து இதை உருவாக்கினார். வைன்ஸ்பெர்க் நகரில் வாழ்ந்த கவிஞரும் மருத்துவருமான யுஸ்டினுஸ் கெர்னரின் பெயர் பின்னர் இதற்குச் சூட்டப்பட்டது. ஜெர்மனியில் ஒரு காலத்தில் மிகப் பரவலாக நடப்பட்டுப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்ட இந்த இரகம், ஆல்ப்ஸ் மலையின் தென்புறத்தில்தான் தனக்கான மதிப்பைப் பெற்றது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ட்ரோலிங்கர் என்பது, இசார்கோ பள்ளத்தாக்கு அடங்கிய தென் டிரோல் பகுதியில் காலங்காலமாக வளர்க்கப்படும் ஸ்கியாவா என்ற திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், கெர்னர் அங்கே வந்து வேரூன்றியதைத் தாய்வழி ஊருக்குத் திரும்பியதாகவே கொள்ளலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இரகம். அதுவும் இதே ட்ரோலிங்கரின் பிள்ளைதான். அதன் மறு பெற்றோர் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. ஆகவே கெர்னரும் பன்னீர் திராட்சையும் ஒரு பெற்றோரைப் பகிர்ந்துகொண்ட உடன்பிறப்புகள். கெர்னரின் முதல் முகர்வில் மஸ்கட் திராட்சையை நினைவூட்டும் மணம் எழும்போது இந்த உறவைக் காரணமாகக் காட்ட ஆசை வரும். ஆனால் அது பொருந்தாது. பன்னீர் திராட்சையின் மணம் மஸ்கட் வழியாக வந்தது. கெர்னரின் மணத்துக்கோ ரீஸ்லிங்கின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நான் அதிகமாக அருந்தியது, பிரெசனோனே நகருக்கு அருகில் 1142இல் நிறுவப்பட்ட நோவாசெல்லா அகஸ்தீனிய மடத்தின் கெர்னர். இந்த மடத்தின் வைன் இரு தரங்களில் வருகிறது: ஒன்று வழக்கமான வரிசை, மற்றொன்று பிரேபோசிட்டுஸ் என்ற உயர்வரிசை. அவற்றோடு பாக்கர்ஹோஃப், கோஃபெரெர்ஹோஃப், மன்னி நோசிங் ஆகிய தயாரிப்பாளர்களின் கெர்னர்களையும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 900 மீட்டர் உயரம் வரை அமைந்த இந்தத் தோட்டங்களில் பகல் வெயில் பழத்தை நன்கு முதிரச் செய்ய, இரவுக் குளிர் அதன் புளிப்பு கரைந்துவிடாமல் காக்கிறது. பழம் நிறைந்த மணமும் கூர்மையான அமிலமும் ஒரே கோப்பையில் கூடுவதற்கு இந்த ஏற்பாடே முதற்காரணம்.

புதிய புட்டியைத் திறந்தவுடன் பீச், ஆப்ரிகாட், எலுமிச்சைத் தோல், சிறிது ஜாதிக்காய் ஆகியவற்றின் மணம் தாராளமாக எழுகிறது. முகர்ந்த மாத்திரத்தில் இனிப்பான வைன் என்றே எண்ணத் தோன்றும். வாயில் வைத்தால் இனிப்பு ஏறத்தாழ இல்லை. விருந்தினர் பலர் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்தியதைக் கண்டிருக்கிறேன். முதல் ஆண்டில் இந்த மணம் சற்று உரத்துப் பேசுகிறது என்பது என் மதிப்பீடு. அறுவடைக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத் திறந்த புட்டிகளில் பழமணம் அடங்கி, உலர்ந்த மூலிகை, தேன், சில வேளைகளில் ரீஸ்லிங்கில் காணும் மண்ணெண்ணெய்ச் சாயல் ஆகியவை தலைகாட்டின. அமிலம் மட்டும் தளரவில்லை. எல்லாப் புட்டிகளும் இப்படி வளர்ந்தன என்று சொல்ல மாட்டேன். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தயாரிப்பாளரின் வைன் இரண்டே ஆண்டுகளில் சோர்ந்து, சப்பென்று ஆகிவிட்டது.

வெப்பநிலையில் கவனம் தேவை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் ஜாதிக்காயும் மூலிகையும் மறைந்து புளிப்பு மட்டுமே மிஞ்சும். 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரை ஏறவிட்டால் வைன் திறந்துகொள்கிறது. அதற்கு மேல் சூடானால் ஆல்கஹால் முன்னே வந்து நிற்கிறது. இந்த வைனின் உண்மையான குறையும் அதுவே. 13.5 முதல் 14.5 விழுக்காடு வரை ஆல்கஹால் இருப்பது இங்கே வழக்கம். வெயில் மிகுந்த ஆண்டுகளில் இரண்டாவது கோப்பை சற்றுக் கனமாகவே இறங்குகிறது. திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தால் மறுநாளும் நன்றாகவே இருக்கிறது. மூன்றாம் நாளில் பீச் மணம் குறைந்து மூலிகை மணம் மேலோங்கும்.

உணவைப் பொறுத்தவரை, அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கத்தை மிஞ்சிய யோசனை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்பெக் எனப்படும் புகையூட்டிய பன்றித்தொடை இறைச்சி, வெண்ணெயில் வறுத்த ட்ரவுட் மீன், கீரையும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும் பொதிந்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் என்னும் பாஸ்தா ஆகிய மூன்றோடும் இது இசைகிறது. கொழுப்பை அமிலம் வெட்டுகிறது, புகைக்கு மணம் ஈடுகொடுக்கிறது. நறுமண வைன் என்பதற்காக மிளகாய்க் காரம் மிகுந்த நம் சமையலோடு இதைச் சேர்க்க நினைப்பவர்கள் தயங்குவது நல்லது. ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டிவிடுகிறது. இஞ்சியும் தேங்காய்ப்பாலும் தூக்கலாக, காரம் மிதமாக உள்ள மீன் குழம்பு என்றால் மறுப்பில்லை.

உயர்வரிசைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், எடுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்கிறேன். வாங்கிய மாதத்திலேயே திறப்பதானால் வழக்கமான வரிசையே போதும். நீண்ட கோடைப் பகலில் தாகத்துக்காகக் குடிக்க இரண்டுமே ஏற்றவை அல்ல. அதற்கு அதே பள்ளத்தாக்கின் சில்வானர் என்ற வெள்ளை வைன் இலேசானது, விலையும் பெரும்பாலும் குறைவு.