பொதிகை மலை மூன்று நாள் ட்ரெக்கிங்: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பாபநாசம் வழியாகப் பொதிகை என்கிற அகத்தியர் மலையின் உச்சிக்குக் கூட்டிப்போவதாக வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. காரையாறு, இஞ்சிக்குழி, பூங்குளம் என்று வழியெல்லாம் போட்டிருக்கிறார்கள். நம்பி ஆளுக்கு 4,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பிய பாளையங்கோட்டைக் குழு ஒன்று, பாபநாசம் சோதனைச் சாவடியோடு திரும்பி வந்தது. காட்டுக்குள் தங்க அனுமதி எங்கே என்று கேட்டதும் ஏற்பாட்டாளர் நீட்டியது, வேறு யாருடைய பெயரிலோ எடுத்த கேரள வனத்துறை டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட். "கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிட்டாங்க அண்ணாச்சி, அட்வான்ஸ் திரும்ப வராது" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அது ரத்து ஆகவே இல்லை. அப்படியொரு அனுமதியே கிடையாது. அந்த வழி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். மாட்டுவது ஏற்பாட்டாளர் மட்டுமல்ல, நடந்த எல்லோரும்தான். சோதனைச் சாவடியில் மறித்தது அந்தக் குழுவுக்கு நல்லதாகப் போயிற்று. உள்ளே யானை நடமாட்டம் உண்டு. காலை முறித்துக்கொண்டால் தூக்கிவர ஆள் கிடையாது.

முறையான பாதை கேரளப் பக்கம், விதுரா தாண்டி போணக்காட்டில் தொடங்குகிறது. முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாம். இரண்டாம் நாள் பொங்காலப்பாறை வழியாக 1,868 மீட்டர் உச்சி. மேலே கயிறு பிடித்து ஏற வேண்டிய பாறைகள் உண்டு. அன்றே முகாமுக்கு இறங்கி, மூன்றாம் நாள் போணக்காடு. பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து சிவராத்திரியையொட்டிய நாள் வரைதான் சீசன். மழைக்காலத் தேதி சொல்லிப் பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள்.

டிக்கெட்டைக் கேரள வனத்துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். இன்னொருவர் டிக்கெட்டில் போகலாம், வாசலில் பெயர் மாற்றலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். இதையெல்லாம் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்பவர் உங்களுக்காக டிக்கெட் எடுக்கப்போவதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் நடக்க ஆசைப்பட்டால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளம் 2024 முதல் இருக்கிறது. அதில் உச்சிக்குப் போகும் வழி இல்லை.

பணம் அனுப்பிவிட்டீர்களா? ஏற்பாட்டாளரோடு பேசிப்பேசி நாளைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரம், பேசிய சாட் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.