பெல்லோஸ் சேஃப்டி வால்வு: கூடுதல் காசுக்குத் தகுமா?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ரசாயன பிளான்டுகளில், சேஃப்டி வால்வின் வெளியேறும் பக்கத்தில் எதிர்த்து நிற்கும் பேக் பிரஷர் வரம்பு மீறினால், உடனே பெல்லோஸ் வால்வைத்தான் (ஸ்பிரிங்கை அந்த அழுத்தத்திலிருந்து பிரிக்கும் மடிப்பு உலோகக் குழல் கொண்டது) கேட்கிறார்கள். நல்ல வால்வுதான். ஆனால் பைப்பைக் கணக்குப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வெளியேறும் வாயுவை எரிக்கக் கொண்டு போகும் பொதுக் குழாயான ஃபிளேர் ஹெடரில் அழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் இதற்கு நிகரில்லை. செட் பிரஷர் (வால்வு திறக்க வேண்டிய அழுத்தம்) 10 பார், ஹெடரில் 1.5 பார் நிற்கிறது என்றால், சாதாரண ஸ்பிரிங் வால்வு 11.5 பாரில்தான் திறக்கும். பெல்லோஸ் வால்வு 10-லேயே திறந்துவிடும். திறந்தபின் ஓட்டத்தால் எழும் அழுத்தத்துக்கு, 10 விழுக்காடு ஓவர்பிரஷரில் (செட் பிரஷரைத் தாண்டி ஏறும் அழுத்தம்), சாதாரண வால்வின் வரம்பு செட் பிரஷரில் 10 விழுக்காடு. வாயுவுக்கு பெல்லோஸ் வால்வு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை கொள்ளளவு குறையாமல் தாங்கும். அதற்கு மேல் தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியைப் போட்டே ஆக வேண்டும்.

கணக்கில் அடிக்கடி வரும் பிழை, டெயில் பைப்பின் (வால்வின் வெளியேற்றுக் குழாய்) கணக்குக்குத் தேவையான ஓட்டத்தை மட்டும் எடுப்பது. சட்டென முழுதாகத் திறக்கும் பாப் வகை வால்வு, திறந்தால் தன் முழு ரேட்டட் அளவையும் (அதற்குக் குறிக்கப்பட்ட கொள்ளளவு) தள்ளும். தேவை மணிக்கு 8,000 கிலோ, ரேட்டட் 11,000 என்றால் பைப்பில் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு! ஃபிளேர் நுனியில் தொடங்கி வால்வை நோக்கி, அப்சல்யூட் அழுத்தத்தில் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்த அளவு) பின்னோக்கிக் கணக்கிட்டு வாருங்கள். பைப் விரியும் இடங்களில் வாயு ஒலி வேகத்தைத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால் அங்கே புதிய அழுத்தம் உருவாகும். 4 அங்குலப் பைப்பை 6 ஆக்கினாலே உராய்வு இழப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு இறங்கும். பல இடங்களில் அதுவே போதும், சாதாரண வால்வே நிற்கும்.

பராமரிப்புதான் பெல்லோஸ் வால்வின் பலவீனம். பானெட் வென்ட் (ஸ்பிரிங் இருக்கும் மேல்மூடியின் காற்றுத் துளை) எப்போதும் திறந்திருக்க வேண்டும். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் அடைப்பைக் கழற்ற மறப்பார்கள். நம் ஊரில் குளவியும் மண்கூடு கட்டி அடைத்துவிடும். வென்டைக் கீழ்நோக்கி வளைத்துக் கம்பிவலை போடுங்கள். நச்சு வாயு என்றால் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போங்கள். பெல்லோஸ் விரிசல் விட்டால் வாயு இங்கேதான் கசியும், வால்வும் சாதாரண வால்வைப் போலப் பேக் பிரஷருக்கு ஆட்படும். வென்ட் அடைந்திருந்தால் அந்தக் கசிவே தெரியாது.

ஆர்டர் போடும்போதே ஒரு ஸ்பேர் பெல்லோஸும் சேர்த்து வாங்குங்கள். ஷட்டவுனில் அதற்காகக் காத்திருப்பது வால்வு விலையைவிட அதிகச் செலவு.