அருகா, கொரியனா, செயின்ட் அகஸ்டினா? வீட்டுப் புல்தரைக்கு எது ஒத்துவரும்

வெயில் அதிகமுள்ள ஊர்களில் புல்தரை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். படத்தில் மூன்றுமே அழகாக இருக்கும். நானும் முதல் தடவை படத்தைப் பார்த்து மெல்லிய அருகு வகையைத்தான் நட்டேன். பாதி இடம் மரத்தடி. சில மாதங்களில் அந்தப் பாதி மெலிந்து மெலிந்து வெறும் மண்ணாகிவிட்டது. உரம், தண்ணீர் எதுவும் அதைக் காப்பாற்றவில்லை. அதனால் வெயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அருகுக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கொரியன் புல் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் சமாளிக்கும். அகன்ற இலையுள்ள செயின்ட் அகஸ்டின்தான் மூன்றில் நிழலை அதிகம் தாங்குவது. ஆனால் அதற்கும் சுமார் 4 மணி நேர வெயிலாவது தேவை. அதற்கும் கீழே என்றால் புல்லை மறந்துவிட்டு நிழல்செடிகளை வைப்பதே நல்லது. ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை தோட்டத்தைப் பார்த்து, எங்கே வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாற்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அடுத்தது மிதி. குழந்தைகள் ஓடியாடும் இடம் என்றால் தயங்காமல் அருகு என்பேன். அது தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவுகிறது. தேய்ந்த இடம் சில வாரங்களில் மூடிவிடும். கொரியனுக்கும் இரண்டு வகைத் தண்டும் உண்டு, ஆனால் வளர்ச்சி மிக மெதுவு. இடைவெளி விட்டு நட்டால் தரை மூட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். செயின்ட் அகஸ்டினுக்கு மேல்தண்டு மட்டும்தான். அது காய்ந்துவிட்டால் மண்ணுக்குள்ளிருந்து திரும்பி வர எதுவும் இல்லை. அருகின் இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு: பூச்செடிப் பாத்திக்குள் புகுந்தால் பிடுங்கி மாளாது. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் துளிர்த்துவிடும்.

வெட்டும் வேலை? அருகை 2.5 முதல் 4 செ.மீ. உயரத்தில் வைக்கலாம், வளரும் பருவத்தில் வாரம் ஒரு முறையாவது வெட்ட வேண்டும். கொரியனுக்கு அவ்வளவு அடிக்கடி தேவையில்லை. அதன் இலை விறைப்பானது, கத்தி கூர்மையாக இல்லாவிட்டால் நுனி கிழிந்து பழுப்பாகும். செயின்ட் அகஸ்டினை 7 செ.மீ.க்குக் கீழே இறக்கவே கூடாது. எதுவானாலும் ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலை குறைந்தால் வேரும் சுருங்கும். வெட்டிய துணுக்குகளைத் தரையிலேயே விடுங்கள், நல்ல தழைச்சத்து அது. புல்லடியில் மண்மேல் படியும் செத்தை சேர்வது துணுக்குகளால் அல்ல, மக்காத தண்டாலும் வேராலும்தான். கொரியனில் இது அதிகம், 1 செ.மீ.க்கு மேல் சேர்ந்தால் இரும்பு வாரியால் கிளறி எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரில் வாரத்துக்கு 25 மி.மீ. என்பது பொதுவான கணக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். தினமும் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக விடுங்கள். வேர் கீழே இறங்கும். தண்ணீர் கிடைக்காமல் போனால் அருகு பழுப்பாகி உறங்கும், மழை வந்ததும் பச்சையாகும். செயின்ட் அகஸ்டினிடம் அந்தப் பொறுமை குறைவு.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 1960இல் வெளிவந்த டிஃப்வே போன்ற கலப்பின அருகு வகைகள் முளைக்கும் விதை தராதவை. அந்தப் பெயரில் விதைப் பொட்டலம் விற்றால் நம்ப வேண்டாம். தண்டோ புல் பாயோதான் வாங்க வேண்டும். அப்புறம், மண்ணில் கோரை இருந்தால் நடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுங்கள். புல் மூடிய பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

இப்போது என் தோட்டத்தில் வெயில் பாதி அருகு, மரத்தடிப் பாதி செயின்ட் அகஸ்டின். நடுவே செங்கல் வரிசை பதித்திருக்கிறேன். அதைத் தாண்டி நிழல் பக்கம் எட்டிப் பார்க்கும் அருகந்தண்டுகளை மாதம் ஒரு முறை கத்தரிக்கிறேன், அவ்வளவுதான்.