கண்களைப் பார்த்துப் படிக்க வேண்டிய உறை: கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' இசைத்தட்டு

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின், 2015 மார்ச்சில் வெளியான இந்த ஆல்பத்தை 12 அங்குல இசைத்தட்டாக வாங்குங்கள். உறைக்காகவே சொல்கிறேன். கைபேசியின் சின்னக் கட்டத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வெறும் ஆள்கூட்டம். சிடி அட்டையில் முகங்கள் பிடிபடும். ஏறத்தாழ 31 செ.மீ. சதுர உறையில்தான் யார் எங்கே பார்க்கிறார்கள் என்பது தெரியும். படத்தின் பொருளே அந்தப் பார்வைகளில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் டெனி ரூவ்ர் எடுத்த படம். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கறுப்பின ஆண்களும் சிறுவர்களும், பலர் மேல்சட்டை இல்லாமல், பணக்கட்டும் புட்டியுமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் கைக்குழந்தையுடன் கென்ட்ரிக். கீழே ஒரு வெள்ளை நீதிபதி கிடக்கிறார். அவருடைய கண்கள்மேல் பெருக்கல் குறி.

2012இல் வந்த கென்ட்ரிக்கின் 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பத்தின் உறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது பழைய போலராய்டு (எடுத்த உடனே அச்சாகி வரும்) குடும்பப் படம். பெரியவர்களின் கண்களைக் கறுப்புப் பட்டை மறைக்கிறது. குழந்தை கென்ட்ரிக்கின் கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன. குற்றச் செய்திப் படங்களில் அடையாளத்தை மறைக்கப் போடும் அதே பட்டை. மூன்று ஆண்டு கழித்து அந்தப் பட்டை போய்விட்டது. இப்போது கண் மூடப்பட்டவர் தீர்ப்புச் சொல்பவர் ஒருவரே. கேலிச்சித்திரங்களில் பெருக்கல் குறிக் கண் என்றால் செத்தவன். அந்தக் குறி மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொண்டாட்டப் படம்தான்.

இதை வெறும் முற்றுகைக் காட்சி என்று படித்தாலும் போதாது. அப்போது வெள்ளை மாளிகையில் குடியிருந்தவர் ஒபாமா. கறுப்பின அதிபர் உள்ளே இருக்கும்போதே, உள்ளே அழைக்கப்படாதவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். படம் கூர்மையாவது இந்த முரணால்தான். முகப்பில் ஆல்பத்தின் பெயரும் இல்லை, கலைஞரின் பெயரும் இல்லை. துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. ஆபாசச் சொற்கள் உண்டு என்று சொல்லும் பெற்றோர் எச்சரிக்கை முத்திரை மட்டும் கண்ணை உறுத்துகிறது.

போலி அச்சுகளைக் கண்டுபிடிக்க நிழல் பகுதிகளைப் பாருங்கள். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இந்த உறையின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,700 பிக்சல் வேண்டும். இணையத்தில் எடுத்த 640 பிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் 52 டிபிஐதான் கிடைக்கும். அப்போது பின்வரிசை முகங்கள் கரிய திட்டுகளாகிவிடும், பெருக்கல் குறியின் ஓரம் படிக்கட்டாக உடையும், புல் மங்கிப்போகும். பழைய பிரதி என்றால் வட்டத் தேய்மானம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளிருக்கும் தட்டின் விளிம்பு அட்டையை அழுத்தி, வெளியே உராயும் இடத்தில் மை உதிரும். அடர்ந்த கறுப்பில் அது வெள்ளை வளையமாகப் பளிச்சிடும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இது தப்பிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் வெளிப்புற பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே எதையும் அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.