ஹாலோவீன் நடைக்கு எந்த வெளிச்சம், எந்த வாளி?

அக்டோபர் 31 ஹாலோவீன் மாலை, வேடமிட்ட பிள்ளைகளோடு மிட்டாய் வாங்க வீடு வீடாக நடக்கப் போகிறவர்கள் உடுப்பைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வெளிச்சத்தை மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் அதற்குள் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருப்பார்கள், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அமெரிக்காவில் 2007 முதல் அந்த மாற்றம் நவம்பர் முதல் ஞாயிற்றுக்குத் தள்ளிப்போனதால் பகல் சற்று நீளும். ஆனாலும் வீடு திரும்புவது இருட்டில்தான்.

முதலில் கிளிப் லைட். சைக்கிளுக்குப் போடுவது போல முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஆளுக்கு இரண்டு போதும். பிள்ளையின் இரண்டு கையும் காலியாக இருக்கும். இதனாலேயே மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு எங்கள் ஓட்டு. விளக்கை இடுப்பில் மாட்டிவிட்டு மேலே சூனியக்காரி அங்கியைப் போர்த்திவிட்டால் வெளிச்சம் உள்ளேயே அடங்கிவிடும்; பலரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அங்கிக்கு வெளியே, தோள்பட்டையில் மாட்டுங்கள். பட்டன் பேட்டரி போட்டது என்றால் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

குளோ ஸ்டிக் (வளைத்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சி) அழகுதான், ஆனால் துணைக்கு மட்டும். குளிரில் உள்ளே நடக்கும் வேதிவினை மெதுவாவதால் ஒளி மங்கும். வளையலாக மாட்டும் மெல்லிய ரகம் கடித்தால் பிளக்கும்; திரவம் கண்ணில் பட்டால் எரியும். 15 சென்டிமீட்டர் தடித்த ரகமே மேல். அதையும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடாமல், முதுகில் ஊக்கு குத்தி மாட்டலாம்.

ஒளி திருப்பும் பட்டை தானாக ஒளிராது, கார் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். எனவே விளக்குக்குப் பதிலாகாது. ஒட்டும் இடம்தான் முக்கியம்: முதுகைவிடக் கணுக்காலும் மணிக்கட்டும் நல்லது. அசையும் கைகாலைப் பார்த்ததுமே வருவது மனிதர் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். புசுபுசு துணியில் பசை நிற்காது, தைத்துவிடுங்கள்.

தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் பெரியவர்களுக்குப் போதும். கதவு திறப்பவரின் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க, தரையைப் பார்த்துச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மிட்டாய் வாங்கும் அந்த ஆரஞ்சு பூசணி வாளி. வாய் அகலம், மிட்டாய் போடுபவருக்குச் சுலபம். பலவீனம் கைப்பிடி: இரண்டு துளையில் செருகிய வெறும் பிளாஸ்டிக் பட்டை. பாதி நிறைந்ததும் ஒரு பக்கம் கழன்று, மிட்டாய் மொத்தமும் நடுத்தெருவில் கொட்டும். புறப்படும் முன்பே இரண்டு துளையிலும் கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் கட்டு) போட்டு இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டிவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் துணிப்பையே போதும். தலையணை உறை நிறையக் கொள்ளும், ஆனால் குட்டையான பிள்ளை தரையில் இழுத்தே ஓட்டையாக்கிவிடும். மேலே ஒரு முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைக்கலாம்.

அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வாளிக்குள் இன்னொரு சிறு பையும் வேண்டும். அமெரிக்காவில் 2014 முதல் பரவிய வழக்கப்படி, வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்த வீடுகளில் மிட்டாயோடு ஸ்டிக்கர், பென்சில் போன்ற தின்பண்டமல்லாத பரிசும் இருக்கும். அதை மிட்டாயோடு கலக்காமல் அந்தப் பையில் போட்டுக்கொள்ளலாம்.