குறட்டைக்குப் பல் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

என் வீட்டுக்காரர் லொறி சாரதி. ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருகிறவர். அவருடைய குறட்டை எங்கள் லயத்தில் பிரசித்தம். அடுத்த காம்பரா அத்தை நடுச்சாமத்தில் சுவரைத் தட்டுவார். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கினிகத்தேனை வளைவொன்றில் இவருக்குக் கண் சொருகி, கூடப் போன பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிய நாளோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

நகரத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்கின் வாசலில் ‘குறட்டைக்கு ஒரே நாளில் தீர்வு’ என்று பலகை தொங்கியது. உள்ளே போனோம். வைத்தியர் வாய்க்குள் டோர்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்தார். “தூக்கத்தில் தாடையும் நாக்கும் பின்னால் சரிகின்றன அம்மா. கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தி வைத்தால் மூச்சு வழி திறந்துவிடும்” என்றார். அதில் பொய் இல்லை. ஸ்லீப் அப்னியா என்னும் மூச்சடைப்புக்கு அப்படிப்பட்ட கருவி இருக்கிறது, பலருக்கு உதவவும் செய்கிறது. அதனால்தான் நம்பினோம்.

உதவிக்கு நின்ற பெண் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் அச்சு ஒன்றை அதில் போட்டு, கரண்டியால் எடுத்து இவரைக் கடிக்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 75,000 ரூபாய். சீட்டுப் பணம் போதாமல் என் தோட்டையும் அடகு வைத்தோம்.

முதல் வாரம் கோயிலில் தேங்காய் உடைக்கலாம் என்று நினைத்தேன். குறட்டை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் பகல் தூக்கம் இவரை விடவில்லை. ஓர் இரவு விழித்துப் பார்த்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூக்கருகே விரலை வைத்தால் காற்று இல்லை. கைபேசியைப் பார்த்து எண்ணினேன். இருபத்திரண்டாவது நொடியில் ஓர் உதறல், ஒரு திணறல், பிறகுதான் மூச்சு. முன்பு குறட்டைச் சத்தத்தில் நான் விழித்துக்கொண்டு இவரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். கருவி அந்தச் சத்தத்தைக் குறைத்ததே தவிர அடைப்பை எடுக்கவில்லை.

வாயும் கெட்டது. காலையில் ரொட்டியைக் கடித்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. வருடக்கணக்காக வெற்றிலை போட்டு ஈறு பழுதாகியிருந்ததை அந்த ஒரு நிமிட டோர்ச் வெளிச்சம் பார்க்கவே இல்லை.

கடைசியில் கண்டிக்குப் போய் நிபுணர் ஒருவரிடம் தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 41 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. 5க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 30ஐத் தாண்டினால் கடுமை என்றார். இந்த அளவுக்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் இயந்திரத்தைத்தான் முதலில் கொடுப்பார்களாம். பல் கருவி லேசான, நடுத்தர நிலைக்காரர்களுக்கும் இயந்திரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும். அந்தக் கருவியையும் மேல், கீழ் இரண்டு வரிசைப் பற்களுக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டும். தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மில்லிமீட்டர் கணக்கில் முன்னால் நகர்த்த வேண்டும். பிறகு கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். எங்களுக்கு முதல் பரிசோதனையே நடக்கவில்லை. பலகையில் ‘ஒரே நாளில்’ என்று இருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பற்றுச்சீட்டில் ‘பல் சிகிச்சை’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். குறட்டை என்றோ கருவி என்றோ ஒரு சொல் இல்லை. வாயில் போட்ட பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்றாள் அதே பெண். நான் நகராமல் நின்றதும் உள்ளே போய் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

“ஐயாவுக்கு ஈறு சுத்தம் செய்வதாக இருந்தால் பத்து வீதம் குறைத்துத் தருகிறோம், அக்கா.”