படத்தில் தொடங்கும் பொருத்தம்: ஒரு திருமண சேவை நிலையம் பற்றி

யாழ்ப்பாண நகரிலுள்ள திருமண சேவை நிலையமொன்றில் என் பெறாமகளின் விபரங்களைப் பதிந்திருந்தோம். குறிப்புப் பார்ப்பதில் அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. நட்சத்திரம், கிரகபாவம், செவ்வாய் எல்லாவற்றையும் ஆறுதலாக ஒப்பிட்டு, பொருந்தாததைப் பொருந்தாதென்றே சொல்கிறார்கள்.

என் மனத்தாங்கல் படத்தைப் பற்றியது. இரு படங்களையும் மேசையில் அருகருகே வைத்து, "சோடி எப்படி?" என்று கேட்பதே அங்கு முதல் வேலை. அவர்கள் சொன்ன ஸ்ரூடியோவில் எடுத்த படத்தில் பெறாமகளின் முகம் மட்டும் வெளுப்பாக்கப்பட்டு, கழுத்தும் கைகளும் இயல்பான நிறத்திலேயே இருந்தன; நாடியிலிருந்த மச்சம் அழிக்கப்பட்டிருந்தது. பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

தோற்ற அழகில் ஒத்தவர்களே சோடி சேர்வார்கள் என்ற எண்ணம் முற்றிலும் தவறன்று. 1972இல் வெளியான ஆய்வொன்றில், 99 உண்மையான சோடிகளின் தோற்ற மதிப்பெண்கள், எழுந்தமானமாகச் சேர்க்கப்பட்ட சோடிகளினுடையவற்றைவிட நெருங்கியிருந்தன. ஆனால், 1966இல் வெளியான ஆய்வொன்றுக்காக உளவியலாளர் எலைன் வால்ஸ்டரும் அவருடைய சகாக்களும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 752 மாணவரை, கணினி பொருத்தியதாகச் சொல்லி, ஆண் பெண்ணிலும் உயரமாக இருக்கவேண்டுமென்ற ஒரே நிபந்தனையுடன் எழுந்தமானமாகச் சோடி சேர்த்து நடன நிகழ்வுக்கு அனுப்பியபோது, தம் தோற்றம் எப்படியிருந்தாலும் பெரும்பாலும் எல்லாரும் அழகான துணையையே மீண்டும் சந்திக்க விரும்பினார்கள். முதற் பார்வையை முன்வைத்தால் நடப்பது இதுதான். இந்த நிலையத்திலும் சிவந்த பிள்ளையின் படத்துக்கே எல்லாக் கைகளும் நீள்கின்றன.

எனக்குப் பெரிதாகப் படுவது 167 சோடிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு. அறிமுகமாகிக் குறுகிய காலத்திலேயே காதலிக்கத் தொடங்கியவர்கள் தோற்ற அழகில் ஒத்திருந்தார்கள். நெடுநாள் பழகியபின் சேர்ந்தவர்களிடம் அந்த ஒற்றுமை மிகக் குறைவாகவே இருந்தது. பேச்சும் குணமும் தெரியவரும்போது முகம் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

நாங்கள் வற்புறுத்தியபின், படமில்லாமல் குறிப்பையும் விபரத்தையும் மட்டும் அனுப்ப அவர்கள் உடன்பட்டார்கள். அப்படி வந்த ஒருவருடன் பெறாமகள் தொலைபேசியில் ஆறுதலாகக் கதைத்துப் பழகினாள். அதன் பிறகே இரு குடும்பத்தாரும் நல்லூரடியில் சந்தித்தோம். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, எனினும் பிள்ளை முகமலர்ச்சியோடு வீடு திரும்பினாள்.

ஆகவே இந்தச் சேவையை நாடலாம். ஆனால் படம் கடைசியில் போதுமென்று பதியும்போதே சொல்லிவிடுங்கள். திருத்தாத படத்தையே கொடுங்கள். விண்ணப்பப் படிவத்திலுள்ள 'நிறம்' என்ற கட்டத்தை நிலையத்தார் உடனடியாக நீக்கவேண்டும்.